தண்ணியோட போனா ஊரு வரும்

எனக்குப் பொறாமை கொஞ்சம் தூக்கலான குணம். இத்தனை வயதுக்கு மேல் அதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? பக்கத்து வீட்டில் புது மிக்ஸி ஓடினால், அதன் சத்தம் எங்கள் மிக்ஸியை விடக் கம்மியா என்று நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வேன். ஆனால் அதெல்லாம் சில்லறைப் புகைச்சல். வயிறு நிஜமாகவே பற்றி எரிந்தது என்றால் ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான். அவள் தரங்கம்பாடிக்காரி. தஞ்சாவூரில் ஜெர்மன் படித்த காலத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் வகுப்பு நடந்தது. மேலே நாங்கள் தொண்டையைச் செருமிச் செருமி ஜெர்மன் பேசுவோம். கீழே மருந்து வாங்க வருகிறவர்கள் மாடியில் யாருக்கோ இருமல் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று எங்கள் டீச்சரே சொல்லிச் சிரிப்பார். நர்சிங் முடித்த பெண்கள், பாலிடெக்னிக் பையன்கள், என்னைப் போல பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தவர்கள் என்று கலந்துகட்டி இருந்தோம்.

ஆற்றில் தண்ணீர் ஒழுங்காக வராத வருடங்கள் அவை. குறுவை கிடையாது, சம்பாவும் பாதி தேறினால் அதிர்ஷ்டம். ஜனங்கள் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் தெருவில் இந்த வீடு சிங்கப்பூர், அந்த வீடு மஸ்கட், முக்கு வீடு அமெரிக்கா என்று அடையாளம் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு என்ன அடையாளம்? வேப்பமரத்து வீடு. என் அண்ணன் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு உரக்கடையில் உட்கார்ந்திருந்தான். தெருவில் நடந்தால் ஒவ்வொரு வீட்டுக் குளியலறையிலிருந்தும் வெளிநாட்டு சோப்பு வாசனை வரும். எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் வராது.

இப்படி இருக்கும்போதுதான் டீச்சர் ஒருநாள் அந்தச் செய்தியைச் சொன்னார். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் ஒரு முதியோர் இல்லம். எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒருவருக்கு அங்கே ஒரு வருடம் வேலை. தங்க இடம், சாப்பாடு, கைச்செலவு எல்லாம் அவர்களுடையது. நன்றாகச் செய்தால் அங்கேயே நர்ஸ் படிப்பில் சேர்த்துக்கொள்வார்கள். இல்லத்தை நடத்துகிற அம்மாவே வருகிறார். தனியாகப் பரீட்சை எதுவும் கிடையாது. வகுப்பிலிருந்து எல்லாரும் கொடைக்கானலுக்குப் போகிற டூரில் கூடவே வந்து, பார்த்துப் பழகி, கடைசி நாள் காலையில் யார் என்று சொல்லிவிடுவார்.

அப்பாவிடம் சொன்னேன். "கெடைச்சா போயிட்டு வா. கெடைக்கலன்னா ஜெர்மனியெல்லாம் மூட்ட கட்டி வச்சுட்டு பி.எட். சேந்துடு. ரெண்டுல ஒண்ணு இந்த டூரோட முடிஞ்சுடணும்" என்றார். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான்.

வகுப்பில் யாரைக் கேட்டாலும் போட்டி எனக்கும் அவளுக்கும்தான் என்பார்கள். நான் ராப்பகலாக உருப்போட்டுப் படித்தேன். எந்தப் பரீட்சையிலும் நான்தான் முதல். ஆனால் வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு. முழு வாக்கியத்தையும் தலைக்குள் அடுக்கி, சரிபார்த்து, அப்புறம்தான் எனக்குப் பேச்சே வரும். அதற்குள் எதிரில் இருக்கிறவருக்குக் கொட்டாவி வந்துவிடும். அவள் தப்புத் தப்பாகத்தான் பேசுவாள். தெரியாத வார்த்தை வந்தால் கையை ஆட்டி, கண்ணை உருட்டி, எப்படியோ கரையேறிவிடுவாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். நான் பேசி யாரும் சிரித்ததில்லை. டீச்சர் "சரி" என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

இதில் இன்னொரு எரிச்சலும் உண்டு. அவர்கள் தரங்கம்பாடியில் லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். அவளுடைய அப்பா அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கோட்டையைப் பார்க்க, பழைய மாதா கோயில்களைப் பார்க்க என்று வருகிற வெள்ளைக்காரர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் அவள். எனக்கு ஒரு வெள்ளைக்காரரைக் கண்டால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாது. அவள் எதிர்வீட்டு அத்தையிடம் பேசுகிற மாதிரி போய்ப் பேசுவாள்.

ஆடி மாதக் கடைசியில் வேனில் கிளம்பினோம். கிளம்பும்போதே டீச்சர் சட்டம் போட்டுவிட்டார். திரும்பி வரும்வரை ஜெர்மன் மட்டும்தான். தமிழில் ஒரு வார்த்தை வாயில் வந்தாலும் அன்றைக்குச் சாப்பாட்டு அண்டாவைக் கழுவ வேண்டும். அண்டா வேனின் மேலே கட்டப்பட்டிருந்தது. நல்ல பெரிய அண்டா.

அந்த ஜெர்மன் அம்மா என் அம்மாவை விட மூத்தவர். உயரம், குட்டை முடி, காலில் கனத்த பூட்ஸ். வத்தலகுண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார்கள். மேடு என்றால் எங்களுக்கு வரப்பும் ஆற்றங்கரையும்தான். இப்படிச் சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டே போகிற பூமி யாருக்கும் பழக்கமில்லை. நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு பின்சீட்டில் சுருண்டிருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்சீட்டில் ஜெர்மன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தார். இவள் சட்டென்று அதே மெட்டைப் பிடித்து, தமிழ் வார்த்தையில் பாட ஆரம்பித்தாள். அவர்கள் கோயிலில் பாடுகிற பாட்டாம். மெட்டு ஜெர்மனியிலிருந்து வந்ததாம். ஒருவர் ஜெர்மனிலும் ஒருத்தி தமிழிலுமாக முழுப் பாட்டையும் முடித்தார்கள். பாட்டுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்று டீச்சர் கைதட்டினார்.

முடிஞ்சுபோச்சு, ஜெர்மனி அவளுக்குத்தான் என்று அந்தக் கொண்டை ஊசி வளைவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் எனக்கு யார் அந்த மெட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள்? எங்கள் வயலில் நடவு நடுகிற பெண்கள் பாடுகிற பாட்டுக்கு எந்த ஜெர்மன் அம்மா கூடச் சேர்ந்து பாடுவார்? எனக்கு வந்த ஆத்திரத்தில் குமட்டல்கூட நின்றுபோனது.

ஊரைத் தாண்டி, சோலைக்காட்டின் ஓரத்தில் இருந்தது நாங்கள் தங்கிய கேம்ப். கூடாரம் அடித்துத் தங்குவது, கயிற்றைப் பிடித்து ஓடையைக் கடப்பது, காட்டுக்குள் நடப்பது என்று எல்லாம் சாகசம். மேகம் தரையோடு வந்தது. கூடாரத்துக்குள் நுழைந்து, போர்வையை ஈரமாக்கிவிட்டு, அது பாட்டுக்கு வெளியே போனது. எங்கள் ஊரில் மேகம் கட்டினால் களத்தில் நெல் காய்கிறதா என்று ஓடுவோம். இங்கே மேகத்துக்குள்ளே நின்றுகொண்டு பல் விளக்கினோம். மரங்களெல்லாம் குட்டை குட்டையாக, உடம்பு முழுக்கப் பாசி பிடித்து, மழையில்லாமலே சொட்டிக்கொண்டு நின்றன.

கயிற்றில் ஓடையைக் கடக்கும்போது அவள் பாதியில் கால் வழுக்கித் தொங்கினாள். தொங்கிக்கொண்டே ஜெர்மனில் ஏதோ சொன்னாள், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்து நான் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் விறுவிறுவென்று கடந்தேன். கரையேறிப் பார்த்தால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஜெர்மன் அம்மா அவளுக்குத் தலை துவட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காட்டுக்குள் நடை. கேம்ப்காரர் முன்னால் போக, நாங்கள் வரிசையாகப் பின்னால் போனோம். பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அட்டை ஏறினால் தேய்க்க ஆளுக்கொரு துணிப் பொட்டலத்தில் உப்பும் கொடுத்திருந்தார். வரிசையில் கடைசியில் நான், எனக்கு முன்னால் அவள். கொஞ்ச தூரம் போனதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ, கால்ல ஏறிடுச்சுடி. எடுடி, எடுடி, உள்ள போயிடும்டி" என்றாள்.

"தமிழ் பேசிட்ட. அண்டா உனக்குத்தான்" என்று நான் ஜெர்மனில் சொன்னேன்.

"எந்த அண்டாவா இருந்தாலும் கழுவுறேன், மொதல்ல இத எடு."

எனக்கு என்ன ஒரு சந்தோஷம் தெரியுமா. கடற்கரையில் வளர்ந்தவளுக்கு அட்டை புதுசு. நான் நடவு வயலில் இறங்கி நின்றவள், அட்டையெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா? நிதானமாக உட்கார்ந்து, உப்பை வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். இன்னும் இருக்கிறதா என்று இன்னொரு காலையும் பார்த்தேன். ஜெர்மன் அம்மா இதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே மெதுவாகச் செய்தேன். நிமிர்ந்தால் வரிசையே காணோம். எங்களைச் சுற்றி வெள்ளையாக மேகம்தான் இருந்தது.

பேச்சுக்குரல் கேட்ட மாதிரி இருந்த பக்கம் நடந்தோம். பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் போனோம், அது ஒரு புதரில் போய் முடிந்தது. திரும்பினால் வந்த வழி தெரியவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது எனக்குத் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் சின்ன ஓடை, கொல்லை வாய்க்கால் அகலம்தான் இருக்கும். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பயப்படாத. இந்தத் தண்ணிகூடவே போவோம். தண்ணியோட போனா ஊரு வரும்" என்றேன். எனக்கும் அண்டா பயமெல்லாம் போய்விட்டது.

"ஆமாடி. எங்க ஊர்லயும் அப்படித்தான். கடைசில கடல்தான் வரும், அங்க ஒரு ஊரு இருக்கும்" என்றாள்.

எங்கள் பக்கத்து ஆள் யாராயிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். நடுவயலில் இருட்டிப்போய்த் திசை தெரியாவிட்டால், ஒரு வாய்க்காலைப் பிடித்து அது போகிற போக்கில் நடப்போம். ஒரு மதகு வரும், ஒரு பாலம் வரும், துணி துவைக்கிற படித்துறை வரும், யாராவது "யாரது?" என்று கேட்பார்கள். ஆள் இல்லாத இடத்துக்குத் தண்ணீர் எதற்குப் போக வேண்டும்? யாரோ வெட்டி, யாரோ முறை வைத்து, யாரோ சண்டை போட்டுத் திருப்பிவிட்டால்தான் அது போகும். யாருக்கும் வேண்டாத இடத்துக்குத் தன் இஷ்டத்துக்குப் போகிற தண்ணீரை நாங்கள் இருவரும் அதுவரை கண்டதில்லை.

ஓடையில் இறங்கி நடந்தோம். நான் முன்னால், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். நானும் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"நீதானடி ஜெர்மனிக்குப் போகப்போற? பாட்டெல்லாம் பாடி மடக்கிட்ட."

"போடி. நீதான் ராப்பகலாப் படிக்கிற. மார்க்கெல்லாம் உனக்குத்தான். எனக்கு என்ன தெரியும்" என்றாள். ஒரு வழுக்குப் பாறையைத் தாண்டியதும், "ஆனா எனக்கு வேணும்டி. ரொம்ப வேணும். எங்க அப்பா ரிட்டையர் ஆயிட்டாங்க. தம்பிங்க படிக்கணும்" என்றாள்.

நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். எல்லாருக்கும்தான் வேண்டியிருக்கிறது. ஓடை கொஞ்சம் கொஞ்சமாக வேகம் எடுத்தது. சத்தம் பெரிதானது. மதகுதான் வந்துவிட்டது என்று நான் எட்டிக் காலை வைத்தேன். பின்னாலிருந்து அவள் என் ஜெர்கினின் தொப்பியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். இரண்டு பேரும் பாறையில் பொத்தென்று உட்கார்ந்தோம். எனக்கு முன்னால் பாறை முடிந்திருந்தது. அதற்கப்பால் மேகம்தான். தண்ணீர் மட்டும் நிற்காமல் அதற்குள் விழுந்துகொண்டிருந்தது. எங்கே போய் விழுகிறது என்ற சத்தம்கூட மேலே வரவில்லை.

அப்புறம் அவள் மெதுவாகக் கேட்டாள். "ஊரு வரும்னியே. எங்கடி ஊரு?"

"கீழ இருக்கும்" என்றேன்.

அவள் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஹில்ஃபே, ஹில்ஃபே" என்று கத்த ஆரம்பித்தாள். ஜெர்மனில் காப்பாற்றுங்கள் என்று அர்த்தம்.

"ஏண்டி, இந்தக் காட்டுல எவன்டி ஜெர்மன் பேசுவான்?" என்று அவளை உட்கார வைத்துவிட்டு, முன்பெல்லாம் வயலில் மோட்டார் கொட்டகையில் இருக்கிற அண்ணனைச் சாப்பிட வரச்சொல்லி வரப்பில் நின்று கூப்பிட்ட மாதிரி, அடிவயிற்றிலிருந்து "ஓஓஓய்" என்று ஒரு குரல் கொடுத்தேன். நிறுத்தி, மறுபடி கொடுத்தேன். எவ்வளவோ நேரம் கழித்து மேலேயிருந்து கேம்ப்காரரின் விசில் சத்தம் கேட்டது.

திரும்பிப் போனதும் ஜெர்மன் அம்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். அப்புறம் என்னையும் கட்டிக்கொண்டார். இரண்டாவதாகத்தான். கேம்ப்காரர் கத்து கத்து என்று கத்தினார். ஓடையில் இறங்குவார்களா எவராவது, அறிவு வேண்டாமா என்றார். டீச்சர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, சட்டத்தையெல்லாம் மறந்து தமிழிலேயே சொன்னார். "அந்தம்மா ரொம்பப் பயந்துட்டாங்க. இது யாரோட யோசனைன்னு கேக்குறாங்க. இப்படி யோசிக்கிற பொண்ண நம்பி வயசானவங்கள எப்படி விடுறதுங்கிறாங்க. நெருப்பு பக்கத்துல எல்லாரும் உக்காரும்போது கேப்பாங்க, என்ன நடந்துதோ அத அப்படியே சொல்லிடுங்க."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எவள் சொன்னாளோ அவளுக்கு ஜெர்மனி இல்லை. சொன்னது நான். சரி, தலைவிதி, உள்ளதைச் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். இருட்டுவதற்கு முன்பே நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்தோம். ஜெர்மன் அம்மா எங்கள் இருவரையும் பார்த்து, ஓடையோடு போகலாம் என்று சொன்னது யார் என்று கேட்டார். நான் வழக்கம்போல வாக்கியத்தைத் தலைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் கையைத் தூக்கி, "நான்தான்" என்று சொல்லிவிட்டாள்.

நான் திகைத்துப்போய் அவளைப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மளமளவென்று சொல்ல ஆரம்பித்தாள். எங்கள் ஊர் வாய்க்காலைக் கையால் வரைந்து காட்டினாள். மதகு வரும், பாலம் வரும், குளிக்கிற எருமை வரும், கடைசியில் டீக்கடை வரும் என்று நம்பி நடந்ததைச் சொன்னாள். பாறை முடிந்த இடத்தில் நின்று, மேகத்துக்குள் எட்டிப் பார்த்து, டீக்கடை எங்கே என்று தேடினதாக நடித்துக் காட்டினாள். பிறகு தானே எழுந்து நின்று "ஹில்ஃபே" என்று கத்திக் காட்டினாள். பையன்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். ஜெர்மன் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. அது என் கதை. என் வாய்க்கால், என் மதகு, என் முட்டாள்தனம். அட்டையை எடுத்ததும் நான், ஓய் என்று கூப்பிட்டதும் நான். பாட்டு அவளுடையது, போகட்டும். அப்பா கணக்கு வாத்தியார், போகட்டும். நான் செய்த தப்பையுமா ஒருத்தி தூக்கிக்கொண்டு போவாள்? வாக்கியம் சரியா தப்பா என்றுகூடப் பார்க்காமல் எழுந்து நின்று, "இல்லை, நான். நான் சொன்னேன்" என்று ஜெர்மனில் சொன்னேன். ஜெர்மன் அம்மா எழுந்து வந்து என் கன்னத்தைத் தட்டி, "நல்ல தோழி. அவளுடைய பழியில் பங்கு கேட்கிறாய்" என்றார். இல்லை இல்லை, நிஜமாகவே நான்தான் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல நான் இன்னும் நல்லவளாகிக்கொண்டே போனேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்கும் ஒருத்தி என் முதுகைத் தடவிவிட்டாள்.

சிரிப்பெல்லாம் ஓய்ந்ததும் ஜெர்மன் அம்மா முகம் மாறி, "நல்ல கதைதான். ஆனால் உயிர் போகிற தப்பு" என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தன் கூடாரத்துக்குப் போய்விட்டார்.

காட்டில் தமிழ் பேசினதை அவளே டீச்சரிடம் சொல்லிவிட்டதால் அண்டா எங்கள் இருவருக்கும் விழுந்தது. பனி மாதிரி குளிர்ந்த தண்ணீரில், சாம்பாரின் பிசுக்கோடு, ஆளுக்கொரு பக்கம் தேய்த்தோம். யாரோ போட்டோகூட எடுத்தார்கள்.

"எதுக்குடி நீன்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"விடு. அடில புடிச்சிருக்கு பாரு, அத நல்லாத் தேய்" என்றாள்.

கழுவி முடித்ததும் கேம்ப் வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். கண்ணாடிக்குள் போனைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். பெயரையே இன்னும் சொல்லவில்லை, அதற்குள் ஊருக்கு டமாரம் அடிக்கிறாளா, ஆனந்தக் கண்ணீரா என்று நான் ஈரக்கையோடு நின்று கருவிக்கொண்டிருந்தேன்.

காலையில் ஜெர்மன் அம்மா அவள் பெயரைத்தான் சொன்னார். ராத்திரி முழுக்க யோசித்தாராம். "என் இல்லத்தில் இருப்பவர்கள் தங்கள் அறைக்கே வழி மறந்து நிற்பவர்கள். தப்பே செய்யாத பெண் எனக்கு உதவ மாட்டாள். தப்புச் செய்துவிட்டு, அதை ஒளிக்காமல் சொல்லி, கூட இருப்பவர்களைச் சிரிக்கவும் வைக்கிற பெண்தான் வேண்டும்" என்றார். அவள் நம்பாமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் கைதட்டினேன். உள்ளங்கை எரிகிற அளவுக்குத் தட்டினேன். என் தப்பை வைத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போகிறாளே பாவி என்று ஒவ்வொரு தட்டுக்கும் மனதுக்குள் சொன்னேன்.

அவள் போனாள். நர்ஸ் படிப்பும் அங்கேயே முடித்தாள் என்று கேள்விப்பட்டேன். நான் பி.எட். சேர்ந்தேன். திருத்துறைப்பூண்டியில் கட்டிக்கொடுத்தார்கள், அங்கேயே ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர் வேலையும் கிடைத்தது. குறை ஒன்றும் இல்லை. ஆனால் டிவியில் ஜெர்மனி என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், நான் ஆரம்பித்துவிடுவேன். என் வீட்டுக்காரருக்கு இந்தக் கதை மனப்பாடம். "உன் தண்ணிய அவ குடிச்சுட்டா, தெரியும், சாப்பாட்டப் போடு" என்பார்.

பல வருடம் கழித்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு தரங்கம்பாடிக்குப் போனோம். கோட்டையைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் புளிசாதம் சாப்பிட உட்கார்ந்தார்கள். கூட வந்த டீச்சரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, விசாரித்து விசாரித்து அவள் வீட்டுக்குப் போனேன். பாசத்தில் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜெர்மன் காசில் எவ்வளவு பெரிய வீடு கட்டியிருக்கிறாள் என்று பார்க்கத்தான் போனேன். மாடி இல்லை. பழைய ஓட்டு வீடுதான், வெள்ளையடித்திருந்தார்கள். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவளுடைய அம்மா கதவைத் திறந்தார்கள். நான் யார் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நீதானம்மா அந்த அண்டாப் பொண்ணு? உள்ள வா, உள்ள வா" என்றார்கள். சுவரில் நானும் அவளும் அண்டா தேய்க்கிற போட்டோ மாட்டியிருந்தது. அதில் அவள் சிரிக்கிறாள், நான் முறைக்கிறேன்.

தேத்தண்ணீர் போட்டுக்கொண்டே அவர்கள் பேசினார்கள். "அன்னிக்கு அங்கேருந்து போன் பண்ணி என்னா அழுவ அழுதா தெரியுமா. அம்மா, அந்த எடம் போச்சும்மா, அந்தப் புள்ள ராப்பகலாப் படிச்சுச்சு, ஒரு வார்த்தையில அது படிச்சதெல்லாம் வீணாப் போயிடும்னு நானே பழிய ஏத்துக்கிட்டேன், இனிமே அவதான் போவான்னு அழுதா. அவங்க அப்பாவுக்குக் கோவம்னா கோவம். உன் தம்பிங்கள நெனைச்சுப் பாத்தியான்னு கத்துனாங்க. மறுநாளு பாத்தா இவளையே எடுத்துட்டாங்க. கர்த்தர் செயல். இன்னிக்கும் போன் பண்ணா உன்னத்தான் கேப்பா. உங்கிட்ட சொல்லலையா அவ?"

"சொல்லல" என்றேன்.

தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன். கிளம்பும்போது அவள் அனுப்பின சோப்பு ஒன்றைக் காகிதத்தில் சுற்றி என் பையில் வைத்தார்கள். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் பையிலிருந்து அந்த வாசனை வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் ஒன்றையே திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த நெருப்புக்கு முன்னால் தப்பு அவளுடையதாக இருந்து, போகிற இடம் எனக்கு அவ்வளவு வேண்டியதாக இருந்திருந்தால், நான் கையைத் தூக்கியிருப்பேனா? ஊர் வந்து சேரும்வரை யோசித்தும் தூக்குகிற மாதிரி என்னை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார். "என்ன, மூஞ்சி இப்படி இருக்கு? டூர்ல புள்ளைங்க ஏதும் படுத்துச்சுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். "தரங்கம்பாடிக்காரி மறுபடியும் ஜெயிச்சுட்டா."